ஏழாம் எண் ஏற்பி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ஸ்வெட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். அவர் மட்டும் முழங்கை தேய்ந்த பழுப்பு ஸ்வெட்டரோடு தாழ்வாரத்தில் நடந்துபோவார். புதிதாக வருபவர்கள் காய்ச்சலோ என்று நலம் விசாரிப்பார்கள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருடைய வேலையில் பாதி குளிரறையில். நான்கு டிகிரியில் மூன்று மணி நேரம் நின்றவருக்கு வெயில் உறைக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும்.

நான் அந்தக் கட்டிடத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பவன். குளிரறை கம்ப்ரஸர் முனகினால், பம்பு இழுக்க மறுத்தால், அக்கா முதலில் கூப்பிடுவது என்னைத்தான். பத்தொன்பது வருடப் பழக்கம். இங்கே எழுதுவதில் நான் கண்ணால் பார்த்தது பாதி, அவர் பிற்பாடு என்னிடம் சொன்னது பாதி.

அவர் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கண்ணாடிக் குப்பிகளைக் கழுவ. நாளைக்கு நூறு, நூற்றைம்பது குப்பி. கழுவிக் கழுவி அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. சில பெரிய பீக்கர்களின் அடியில் வெள்ளையாக ஒரு படிவம் ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலும் லேசில் போகாது. சிலவற்றில் அது இருக்கவே இருக்காது. ஒருநாள் எங்கள் பேராசிரியை அந்தப் பக்கம் வந்தபோது, அவசரக்கார மாணவர்களின் பீக்கரில்தான் அந்த வெள்ளை வருகிறது, நிதானக்காரர்களின் பீக்கரில் வருவதில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். பேராசிரியை அப்படியே நின்றுவிட்டாராம். அந்த வெள்ளைதான் கெட்டுப்போன புரதம். மறு மாதம் அக்காவின் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிவிட்டு பிப்பெட்டைக் கொடுத்துவிட்டார்.

என்ன வேலை என்று வெளியாட்கள் கேட்டால், "புரதம் மடிக்கிறேன்" என்பார் அக்கா. கேட்டவர் துணி மடிப்பதுபோல் ஏதோ என்று நினைத்து அதோடு விட்டுவிடுவார். விஷயம் இதுதான். நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை எதிர்ப்பு அணு இருக்கிறது. கிருமி புகுந்த செல் எது, புகாத செல் எது என்று அது தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கும். அப்படித் தடவ அதன் மேல் இருக்கும் புரதத்துக்குப் பெயர் ஏற்பி. எந்த ஏற்பி எதைப் பிடிக்கும், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று ஆராய்பவர்களுக்கு, அந்த ஏற்பி தனியாக, சுத்தமாக, குப்பியில் வேண்டும். அணுவிலிருந்து உரித்தெடுத்தால் ஒன்றுக்கும் காணாது. ஆகவே அதற்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் செலுத்திச் செய்யச் சொல்வார்கள். பாக்டீரியா செய்யும். ஆனால் சரியான அவசரக் குடுக்கை. புரதத்தை நீளச் சங்கிலியாகச் செய்து, மடிக்காமல் கொள்ளாமல், சாக்பீஸ் தூள் மாதிரி உள்ளே குவித்து வைத்துவிடும். அந்தத் தூளைக் கழுவி, யூரியாவில் கரைத்து, சங்கிலிகளை நீட்டி, மறுபடி ஒழுங்காக மடியவைப்பது அக்காவின் வேலை.

மடியவைப்பது கையால் அல்ல. குளிரறையில் ஐந்து லிட்டர் கரைசல் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். கரைத்த புரதத்தை அதில் சொட்டுச் சொட்டாக ஆறு மணி நேரம் விடவேண்டும். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சங்கிலிகள். ஒன்றையொன்று கண்டுபிடித்து ஜோடி சேர்ந்து மடிய அவகாசம் கொடுக்க வேண்டும். வேகமாக விட்டால் நெரிசலில் மாட்டிய கூட்டம்போல் பத்தும் இருபதும் சிக்கிக் கட்டியாகிவிடும். பிறகு இரண்டு மூன்று நாள் யூரியாவை வெளியேற்றுவது. கடைசியில், நுண்ணிய மணிகள் நிரப்பிய நீளமான கண்ணாடிக் குழாய் வழியாக ஓடவிடுவது. கட்டிகள் பெரியவை, மணிகளின் துளைக்குள் நுழைய முடியாமல் விறுவிறுவென்று முதலில் வந்துவிடும். சரியாக மடிந்த ஜோடி ஒவ்வொரு துளைக்குள்ளும் புகுந்து புறப்பட்டுப் பின்னால் வரும். திரையில் இரண்டு மேடுகள் தெரியும். முதல் மேட்டைக் கீழே கொட்டிவிட்டு இரண்டாவதைப் பிடித்து வைக்கவேண்டும். பத்து நாள் பாடுபட்டால் நகக்கண் அளவு குப்பியில் இரண்டு மூன்று மில்லிகிராம் தேறும்.

ஏற்பிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஏழாம் எண்ணைக் கேட்டவர் வெளியூர் ஆய்வாளர் ஒருவர். அக்காவுக்கும் அவருக்கும் எட்டு வருடமாகத் தொலைபேசிப் பழக்கம்; நேரில் பார்த்ததில்லை. அவருக்கு நாற்பத்தைந்து வயது, வருடா வருடம் நீட்டிக்கும் ஒப்பந்த வேலை. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற கவலையிலேயே தலை நரைத்துவிட்டது என்று தானே சொல்லிச் சிரிப்பாராம். நெடுநாள் நீடிக்கும் ஒரு வைரஸ் தொற்றைத் தாங்களாகவே அடக்கிவிட்ட சிலருடைய ரத்தத்திலிருந்து அவர் ஏற்பிகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஏழாவது அப்படிக் கிடைத்தது.

முதல் குப்பி போய்ச் சேர்ந்து பத்தாம் நாள் போன் வந்தது. எப்போதும் நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருபவர் அன்று எடுத்த எடுப்பிலேயே, "மேடம், இது பிடிச்சா விடவே மாட்டேங்குது" என்றார். சாதாரணமாக டி செல் ஏற்பி தொட்டுவிட்டுச் சட்டென்று விலகிவிடும். இது அட்டைபோல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிடியை அளக்கும் கருவியின் கோடு மேலே ஏறினால் இறங்குவதே இல்லை. அந்த வைரஸின் துண்டைத் தவிர வேறு எதிலும் ஒட்டவும் இல்லை. அக்கா அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் இதைச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அடிக்கடி பார்த்ததில்லை. ஆய்வாளர் மேலும் நான்கு மாதம் சோதனை செய்து, கட்டுரை எழுதி, ஒரு நல்ல இதழுக்கு அனுப்பியும் விட்டார். இதழ்க்காரர்கள் இன்னும் ஒரு சோதனை கேட்டார்கள். குப்பி காலி. அக்கா இரண்டாவது முறை ஏழாம் எண்ணைச் செய்தார்.

இந்த முறை அது பிடிக்கவில்லை. பிடிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. லேசாகத் தொட்டது, விலகியது, அவ்வளவுதான்.

ஆய்வாளர் மிகவும் தயங்கித் தயங்கித்தான் பேசினாராம். "தப்பா நினைக்காதீங்க மேடம். இந்தத் தடவ மட்டும் ஏதோ சரியா வரல போல." பேராசிரியையும் கோபப்படவில்லை. கண் பரிசோதனை செய்து எவ்வளவு நாளாகிறது என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். இந்தக் கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது. சாப்பாட்டு அறையில் யாரோ, அக்காவுக்குக் குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிச் சிரித்தது அவர் காதிலும் விழுந்தது.

மூன்று நாள் அவர் இரண்டாவது குப்பியைத் திருப்பித் திருப்பிச் சோதித்தார். ஒரே மேடு. இருக்கவேண்டிய இடத்தில், ஊசிபோல். இதைவிடச் சுத்தமாக ஒரு ஏற்பியைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவருக்கே தெரிந்தது. நான்காம் நாள் காலை என் அறைக்கு வந்து, குழாய்க் கருவியின் பம்பும், புரதத்தைக் கண்டு கோடு வரையும் விளக்கும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார்.

"நேத்துதானேக்கா பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இன்னொரு தடவ பாரு. மெஷின் மேல எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது எனக்கு."

பார்த்துக் கொடுத்தேன். அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்கிற ஒவ்வொரு புரதத்திலும் ஐந்தாறு சொட்டு எடுத்துத் தனிக் குழாயில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் போட்டு வைப்பார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அன்று அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு குழாய்களை எடுத்து வந்தார். ஒன்று ஏழாம் எண்ணின் முதல் தொகுதி. மற்றது அதே மாதம் செய்த வேறொரு ஏற்பி. உறையவைத்து எடுத்ததால் புரதம் கெட்டுவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அதற்காக இந்த மற்றக் குழாய். அதை முதலில் ஓடவிட்டார். ஒரே மேடு, சரியான இடம். பிறகு ஏழாம் எண்.

நான் அவருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் எழும்பியது. எழும்பி, அகலமாகப் படுத்துக்கொண்டு, சரியான இடம் வரும்போது ஒரு சின்னத் தோள் மாதிரி காட்டிவிட்டு இறங்கிவிட்டது. எனக்கே புரிந்தது. முக்கால்வாசி கட்டி.

அக்கா கருவியை நிறுத்தினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பின் தன் பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தை என் பக்கம் தள்ளினார். முதல் தொகுதி செய்த நாள். சொட்டு விட்டது என்பதற்கு நேரே, "வழக்கம்போல்" என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

"அன்னிக்கு வழக்கம்போல எதுவும் நடக்கல" என்றார்.

அவர் கணவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அன்று காலை பதினொரு மணிக்கு, சொட்டு விட ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், மகளிடமிருந்து போன். அப்பாவின் கை சுற்றும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது, மோதிர விரல் நுனி போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். கரைத்த புரதம் காத்திருக்காது; பார்த்துக்கொள்ளச் சொல்ல அன்று குளிரறைப் பக்கம் ஆளும் இல்லை. அக்கா மீதியை அப்படியே ஒரே ஊற்றாக பீக்கரில் ஊற்றிவிட்டு ஓடினார். ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைச்சல். குழாயில் ஓடவிட்ட நாளில் இரண்டு மேடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பின்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு சொட்டும் தேறாது. வெளியூரில் ஆய்வாளர் காத்திருக்கிறார், பொட்டலத்தை வாங்கிப்போக ஆள் வாசலில் வந்து நிற்கிறார். முழுவதையும் சேர்த்துப் பிடித்தார். நோட்டில் எழுத உட்கார்ந்தபோது கை தானாக அந்த வார்த்தையை எழுதிவிட்டது.

ஏன் அது அப்படி ஒட்டியது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. கட்டிக்குள் ஓரளவு சரியாக மடிந்த ஏற்பிகளும் இருந்திருக்கின்றன. ஒற்றைக் கை பிடித்தால் நழுவிவிடும்; ஒரு கட்டியில் பத்துக் கைகள், ஒன்று விட்டாலும் ஒன்பது பிடித்துக்கொண்டிருக்கும். பிடி வைரஸ் துண்டின்மேல் மட்டும்தான் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. ஏழாம் எண் உண்மையில் எல்லா ஏற்பிகளையும் போலத்தான், தொட்டுவிட்டு விலகுகிற ஜாதி.

அக்காவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இன்றைய கை சரி என்று நிரூபிக்க வேண்டுமானால் அன்றைய கை தப்பு என்று சொல்லியாக வேண்டும். பேசாமல் இருந்தால், வயதாகிவிட்டது என்ற பேச்சோடு போய்விடும். பேசினால் வெளியூரில் ஒரு மனிதரின் ஒரு வருட உழைப்பு சரியும், அதோடு அவர் வேலையும்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் நுனி போன விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அன்னிக்கு உனக்குப் போன் பண்ண வேண்டாம்னுதான் சொன்னேன். பொண்ணு கேக்கல."

"போன் பண்ணாம இருந்திருந்தா உங்க ரெண்டு பேரையும் நான் சும்மா விட்டிருப்பேனா? வந்தது தப்பில்லங்க. ஊத்தினதுகூட அவசரம். எழுதினதுதான் பொய்."

அதற்கு அவர், நாளைக்கே சொல்லிவிடு, தள்ளிப்போட்டால் உனக்குச் சோறு இறங்காது என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் பேராசிரியையின் அறைக்கதவு வெகு நேரம் சாத்தியே இருந்தது. பேராசிரியை கெட்டவர் அல்ல. அக்காவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். இரண்டு தொகுதியையும் விட்டுவிடச் சொல்லலாம், பெட்டியில் வெப்பம் ஏறி இறங்கியதால் கெட்டிருக்கலாம் என்று பொதுவாக எழுதலாம், நோட்டுப் பக்கத்தை எதற்கு வெளியே எடுக்கவேண்டும் என்றார். இதற்கு அக்கா சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "காரணம் தெரியலேன்னா அவர் விடமாட்டாரு மேடம். முதல் குப்பி மாதிரி இன்னொண்ணு வரும் வரும்னு வருஷக்கணக்குல தேடுவாரு. இல்லாததத் தேடவிடக் கூடாது."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா என்று கேட்டார். அக்கா தானே பேசினார்.

அந்தப் போன் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்: ஊற்றியது, சேர்த்துப் பிடித்தது, எழுதியது.  ஆய்வாளர், "அப்ப என்கிட்ட இத்தன நாளா இருந்தது என்ன?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் கட்டி சார். என்னோட தப்பு."

சரி என்று சொல்லி வைத்துவிட்டார். மேடம் என்று அவர் சொல்லாதது அன்று ஒருநாள்தான் என்றார் அக்கா.

ஆய்வாளர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பேராசிரியை, முதல் தொகுதியில் பங்கு போயிருந்த இன்னும் இரண்டு கூடங்களுக்கும் எழுதினார். அதில் ஒன்று அதன்பின் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. கட்டிடத்தில் ஒரு மாதம் இதே பேச்சு. யாராவது கேட்டார்களா, வாயைத் திறந்து மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று பலர். சிலர் அக்காவைக் கண்டால் அளவுக்கு மீறி மரியாதை காட்டினார்கள். அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. வேலையில் சில மாற்றங்கள் வந்தன. ஒவ்வொரு குப்பியோடும் குழாய்க் கருவியின் வரைபடம் போகவேண்டும். சொட்டு விடும் நாளில் இரண்டு பேர் இருக்கவேண்டும். இரண்டாவது ஆள் வராத நாட்களில் நான் போய் நிற்பேன். ஆறு மணி நேரத்தில் அக்கா பேசுவது ஆறு வார்த்தை. அவர் தன்னைத் தானே மன்னித்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் ஒருமுறை, பம்பைப் பார்த்துக்கொண்டே, அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் ரெண்டு வரி உண்மைய எழுதியிருந்தா அவருக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும் இல்ல என்றார். 

மூன்றாவது தொகுதியை, யாரும் கேட்காமலே செய்து, வரைபடத்தோடு ஆய்வாளருக்கு அனுப்பினார். பதில் இல்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலை, வாசல் காவலாளி என் அறைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஐஸ் பெட்டி, தலை முழுக்க நரை. ஸ்வெட்டர் அக்காவைப் பார்க்கவேண்டும் என்றார். அந்தப் பெயர் அவர்வரை போயிருந்தது எனக்கே ஆச்சரியம்.

அக்கா குளிரறையிலிருந்து வெளியே வந்தார். இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் அடையாளம் தேடுவதுபோல் நின்றார்கள். பிறகு அவர் வணங்கிவிட்டு, கொஞ்சம் உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார். கதவைத் திறந்ததும் விசிறிகளின் இரைச்சல்.

"இதுதானா அந்தச் சத்தம்" என்றார் ஆய்வாளர். "நீங்க போன் பேசுறப்பல்லாம் பின்னாடி கேக்கும். உங்க ஊர்ல எப்பப் பாரு மழன்னு நினைச்சிட்டிருந்தேன் மேடம்."

அக்கா சிரித்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சாப்பாட்டு அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். இரண்டு வாரம் அக்காமேல் பொல்லாத கோபம். அடுத்த இரண்டு வாரம் தன்மேல், அவ்வளவு அழகான கோட்டைப் பார்த்ததும் சந்தேகமே படாமல் இருந்துவிட்டோமே என்று. அப்புறம் மூன்றாவது குப்பியைத் திறந்தார். தொட்டது, விலகியது; இரண்டாவதைப் போலவே, அளவு மாறாமல். சரி, இதுதான் இதனுடைய குணம் என்று ஒப்புக்கொண்டு, ஏழாம் எண்ணிலேயே நான்கு ஏற்பிகளைத் தெரிந்தே, கணக்காக ஒன்றாகக் கட்டி, நோயாளிகளின் செல்களோடு சேர்த்துப் பார்த்தார். கிருமி புகுந்த செல்களை மட்டும் அது காட்டிக்கொடுத்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் யார் எத்தனை முறை செய்தாலும் அதே விடை வருகிறது. அதை வேறொரு சிறிய இதழ் ஏற்றுக்கொண்டது. வேலையை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எப்படியோ தெரியாது.

"உங்களுக்குத்தான் கஷ்டம் குடுத்துட்டேன்" என்றார் அக்கா.

"குடுத்தீங்க" என்றார் அவர். மறுக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆனா நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் இன்னும் அந்த முதல் குப்பியத்தான் தேடிட்டிருப்பேன்" என்றார்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அவர் மகன் கணக்கில் மட்டும் கோட்டை விடுவது, அக்காவின் கணவர் ஒன்பதரை விரலோடு மறுபடி காயில் கட்டப் பழகியது, எங்கள் சாப்பாட்டு அறை நாற்காலிகள் எல்லாமே ஒரு கால் ஆடுவது. இரண்டு மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அக்கா இருபத்து மூன்றாம் எண் ஏற்பியின் குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்து, வரைபடத்தை மடித்து மேலே செருகிக் கொடுத்தார். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று, மூடியைத் திறந்து, வரைபடத்தை எடுத்து விரித்து முதலில் அதைப் பார்த்தார். நிதானமாக, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. அக்கா பக்கத்தில் காத்து நின்றார். பார்த்து முடித்து அவர் தலையசைத்த பிறகுதான் இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.